சர்வே எண்ணும் ஏரித் தண்ணீரும்

தமிழ்நாடு அரசிதழைத் தொடர்ந்து புரட்டுகிறவர்களுக்கு ஒருவகை அறிவிக்கை பழகிப்போயிருக்கும். 2008 செப்டம்பர் 2 அன்று அரசு ஒப்புதல் அளித்த சென்னைப் பெருநகருக்கான இரண்டாம் முழுமைத் திட்டத்தில், தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இன் 32(4)ஆம் பிரிவின்படி ஒரு மாறுதல் செய்யப்படுகிறது என்று அது தெரிவிக்கும். வட்டத்தின் பெயர், கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு எண் எல்லாம் வரிசையாக வரும். விவசாயப் பயன்பாட்டு மண்டலமாக இருந்த நிலம் இனி முதன்மைக் குடியிருப்பு மண்டலம் என்று முடியும். எதற்காக மாற்றினார்கள், பக்கத்து நிலத்துக்கு இதனால் என்ன ஆகும், அந்த வயலின் மேல் இதுநாள்வரை வழிந்தோடிய மழைநீர் இனி எந்தப் பக்கம் போகும் என்பதற்கெல்லாம் அந்த அறிவிக்கையில் இடம் கிடையாது.

அரைப் பக்கம்கூட வராத அந்த அறிவிக்கைக்குப் பின்னால் நிலத்தின் விலை தலைகீழாக மாறிவிடுகிறது. அதுவரை ஏக்கர் கணக்கிலும் சென்ட் கணக்கிலும் பேசப்பட்ட நிலம், மறுநாளிலிருந்து சதுர அடிக் கணக்கில் பேசப்படுகிறது. தாம்பரத்தைச் சுற்றியுள்ள தென்சென்னைப் புறநகர் முழுவதும், முடிச்சூரிலிருந்து பெரும்பாக்கம் வரை, இன்று நாம் காணும் தோற்றத்துக்கு வந்ததில் இந்த நிலப்பயன்பாட்டு விதிகளுக்கும் அவற்றின் மீறலுக்கும் அவற்றின் தளர்வுக்கும் சமமான பங்கு உண்டு. இந்தக் கட்டுரை சொல்ல வருவது ஒன்றுதான்: நம் விதிகள் நிலத்தைச் சர்வே எண் சர்வே எண்ணாகப் பார்க்கின்றன, இந்தப் பகுதியின் தண்ணீரோ ஏரியிலிருந்து ஏரிக்குப் போகிறது. ஒவ்வொரு அனுமதியும் தனித்தனியே சட்டப்படி சரியாக இருந்தும் ஊர் மொத்தமாக மூழ்குவது இந்தப் பொருத்தமின்மையால்தான்.

விதிகளுக்கு முந்திய தாம்பரம்

நகரமைப்பு விதி எதுவும் எட்டாத காலத்தில் இந்தப் பகுதியின் நிலம் எப்படிப் பயன்பட்டது என்பதற்குக் குரோம்பேட்டையின் பெயரே சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்த குரோம் லெதர் தொழிற்சாலையால் ஊருக்கு அந்தப் பெயர் நிலைத்தது. அடுத்த ரயில் நிலையம் சானடோரியம். காசநோயாளிகளுக்குச் சுத்தமான காற்று வேண்டும் என்று டாக்டர் சௌரிமுத்து 1928இல் மருத்துவமனை தொடங்கிய இடம் அது. தோல் பதனிடும் ஆலையும் நுரையீரல் மருத்துவமனையும் ஒரே ரயில் பாதையில் அடுத்தடுத்து அமைந்தன. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னை கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனின் நெரிசலை விட்டுச் சேலையூர்க் காட்டுக்கு இடம்பெயர்ந்தது. அவரவர் தேவைக்கு அவரவர் இடம் பிடித்தார்கள். நிலம் தாராளமாக இருந்ததால் ஒன்றின் தொல்லை மற்றொன்றைத் தொடவில்லை.

தொட்டால் என்ன ஆகும் என்பதை நாகல்கேணி காட்டியது. பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் பெருகிய தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு நிலத்தடி நீரில் கலந்தது. ஆலைகளுக்கு நடுவிலும் அருகிலும் வீடுகள் எழுந்தபின் கிணற்றுநீர் குடிக்க உதவாமல் போனது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் தொண்ணூறுகளில் வந்தது. கெட்டுப்போன கிணறுகளுக்கு அது காலம் கடந்த உதவி. ஆலையும் குடியிருப்பும் தள்ளியிருக்க வேண்டும் என்பதே உலகெங்கும் மண்டல விதிகள் பிறந்த முதல் காரணம். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரை ஒட்டிய யூக்ளிட் என்ற சிற்றூர், தன் எல்லைக்குள் எங்கே வீடு, எங்கே தொழிற்சாலை என்று வரையறுத்தபோது, நிலம் வைத்திருந்த நிறுவனம் வழக்குப் போட்டது. தனியார் நிலத்தின் பயனை ஊராட்சி இப்படிக் கட்டுப்படுத்தலாம் என்று 1926இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. யூக்ளிட்டும் தாம்பரத்தைப் போல ஒரு பெருநகரின் விளிம்பில் இருந்த ஊர்தான் என்பது கவனிக்கத்தக்கது. மண்டல விதிகளின் உண்மையான சோதனை நகரத்தின் நடுவில் நடப்பதில்லை; நகரம் கிராமத்தை விழுங்கும் விளிம்பில்தான் நடக்கிறது.

விதி வேலை செய்யும் விதம்

சென்னை மாகாணம் நகரமைப்புச் சட்டம் இயற்றியது 1920இல். அது துண்டு துண்டான திட்டங்களுக்கானது. பெருநகர் முழுவதையும் ஒரே வரைபடமாகப் பார்க்கும் முறை 1971ஆம் ஆண்டுச் சட்டத்தோடும், அதன் வழி வந்த சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தோடும் தொடங்குகிறது. சி.எம்.டி.ஏ. என்று எல்லோரும் சொல்லும் அந்தக் குழுமம் அப்போது எம்.எம்.டி.ஏ. முதல் முழுமைத் திட்டம் 1976இல் ஒப்புதல் பெற்றது. 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பு. தெற்கே வண்டலூர் வரை.

முழுமைத் திட்டம் வந்தபின் எந்த நிலத்தையும் அதன் மண்டலத்துக்கு ஏற்றபடிதான் பயன்படுத்த வேண்டும், அனுமதி பெற்றே கட்ட வேண்டும் என்பது சட்டத்தின் அடிப்படை. குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், நிறுவனம், தொழில், திறந்தவெளி, விவசாயம், நகர்சாராப் பகுதி என்று வரைபடத்தில் நிலம் பிரிக்கப்படுகிறது. குடியிருப்பு மண்டலத்தில் வீடு கட்டலாம். சிறிய கடை, மருத்துவர் அறை, மழலையர் பள்ளி ஆகியவற்றுக்கும் வரம்புடன் இடம் உண்டு. விவசாய மண்டலத்தில் பயிர், மாட்டுப் பண்ணை, பண்ணை வீடு, செங்கல் சூளை போன்றவற்றுக்கு அனுமதி உண்டு. மனைப்பிரிவு போட முடியாது.

மண்டலம் என்ன கட்டலாம் என்று சொல்கிறது. எவ்வளவு கட்டலாம் என்பதைத் தளப்பரப்புக் குறியீடு சொல்கிறது. மேஸ்திரி முதல் புரோக்கர் வரை எல்லோரும் எஃப்.எஸ்.ஐ. என்பது இதைத்தான். 2008 திட்டத்தின் விதிகளில் சாதாரணக் கட்டடத்துக்கு இது 1.5. 2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் அதை 2 ஆக்கின. சேலையூரில் ஒருவருக்கு ஒரு கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி மனை இருந்தால், எல்லாத் தளங்களும் சேர்த்து 4,800 சதுர அடி வரை கணக்கில் வரும். ஆனால் அந்தக் கணக்கு அப்படியே கைக்கு வராது. முன்னும் பின்னும் பக்கத்திலும் செட்பேக் விட வேண்டும். வண்டி நிறுத்த இடம் காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வாசலில் உள்ள சாலையின் அகலம் தீர்மானிக்கும். உயர்மாடிக் கட்டடம் என்றால் 12 மீட்டர் சாலையாவது வேண்டும், 3.25 என்ற முழுக் குறியீடு வேண்டுமென்றால் 18 மீட்டர். பணம் கட்டிக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. வாங்கும் வசதியும் சாலையின் அகலத்தைப் பொறுத்தே கிடைக்கிறது. இந்தச் சாலை அகலத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பழைய மனைப்பிரிவுகளைப் பற்றிப் பேசும்போது இது திரும்ப வரும்.

பெரிய நிலங்களுக்கு இன்னொரு விதி உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் பிரித்தாலோ அதில் கட்டினாலோ, சாலைகள் போக மீதியில் 10 விழுக்காட்டைப் பூங்காவுக்கும் விளையாட்டு இடத்துக்கும் பொதுவுக்கு எழுதித் தர வேண்டும். ஓ.எஸ்.ஆர். நிலம் என்பது இது. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள நிலத்தில் இடம் தர முடியாதவர்கள் வழிகாட்டி மதிப்பின்படி பணமாகக் கட்டலாம். பணம் கட்டிய தெருவில் குழந்தைகள் விளையாட இடம் இருக்காது. இந்த விதிவிலக்கை நான் ஏற்கவில்லை.

இவற்றின் மேல் வேறு சட்டங்களின் அடுக்குகளும் படிகின்றன. மீனம்பாக்கம் விமான நிலையத்தின் அருகே உயரக் கட்டுப்பாடு. தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சுற்றித் தடையின்மைச் சான்று. நன்மங்கலத்திலும் வண்டலூரிலும் காப்புக்காடு. பலரும் அறியாத ஓர் அடுக்கு ஜமீன் பல்லாவரத்தில் இருக்கிறது. 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்ததால் பல்லாவரத்தின் பெயர் உலகத் தொல்லியலில் இடம்பெற்றது. அங்கேயுள்ள பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. 2010இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும். இந்தத் திருத்தம் வந்தபோது அந்த வட்டத்துக்குள் ஏற்கெனவே தெருத்தெருவாக வீடுகள் நிறைந்திருந்தன. முழுமைத் திட்டத்தின் வரைபடத்தில் குடியிருப்பு மண்டலம் என்று பார்த்து மனை வாங்கியவர், மாடி எடுக்கப் போனபோதுதான் இன்னொரு சட்டம் தன் தலைமேல் இருப்பதை அறிந்தார். ஒரு நிலத்தின் மேல் எத்தனை சட்டங்கள் கவிந்திருக்கின்றன என்பதை வாங்குபவருக்கு ஒரே தாளில் காட்டும் முறை நம்மிடம் இல்லை. வில்லங்கச் சான்று கடனையும் கிரயத்தையும் காட்டும், கட்டுப்பாட்டைக் காட்டாது.

முப்பத்திரண்டு ஆண்டு இடைவெளி

1976 வரைபடத்துக்கும் 2008 வரைபடத்துக்கும் நடுவே முப்பத்திரண்டு ஆண்டுகள் ஓடின. ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுமைத் திட்டத்தை மீளாய்வு செய்யலாம் என்று சட்டம் இடம் தந்திருந்தது. 1995இல் இரண்டாம் திட்டத்துக்கான வரைவு தயாராகி, வழக்கு, திருத்தம் என்று இழுத்து 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த இடைவெளியில்தான் தாம்பரம் நிறைந்தது. 1984இல் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் வந்தது. ஜி.எஸ்.டி. சாலை அகலமானது. நகருக்குள் வாடகை தாங்காத குடும்பங்கள் ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு தெற்கே வந்தன. அவர்களுக்கு வீடு வேண்டும். பழைய வரைபடம் அவர்களை எதிர்பார்க்கவில்லை.

அந்தத் தேவையை நிறைவேற்றியவர்கள் மனை விற்பவர்கள். ஒருவர் இரண்டு மூன்று ஏக்கர் நஞ்சையை விவசாயியிடம் பவர் வாங்கி, சுண்ணாம்புக் கோடு போட்டுக் கல் நட்டு, 'நகர்' என்று முடியும் ஒரு பெயரை வைப்பார். 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்பார். சென்னைப் பெருநகரப் பகுதிக்குள் மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்குக் கிடையாது என்பது வாங்கியவர்களில் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் தவணையில் கிடைத்த ஒரே மனை என்பதால் வாங்கினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சட்டப்படியான மனை அவர்கள் கைக்கு எட்டும் விலையில் அன்று எங்கே இருந்தது?

அப்படிப் பிறந்த நகர் ஒன்றின் உள்ளே நடந்து பார்த்தால் அதன் பிறப்பு தெரியும். தெரு இருபது அடி. விற்றவரின் நிலம் எங்கே முடிந்ததோ அங்கே தெருவும் முடியும். ஒரு மதில் குறுக்கே நிற்கும். மதிலுக்கு அப்பால் வேறொருவர் போட்ட வேறொரு நகர், அதன் தெரு இதற்கு இரண்டு அடி தள்ளித் தொடங்கும். பூங்கா கிடையாது. வயலுக்கு நீர் பாய்ச்சிய கிளைவாய்க்கால் சில இடங்களில் சாக்கடையாக மீந்திருக்கும். சில இடங்களில் மனைகளின் பின்சுவர்களுக்கு இடையே ஒரு முழ அகலச் சந்தாக இருக்கும். பத்திரத்தில் மனையின் நான்கு எல்லைகளைச் சொல்லும்போது மட்டும் 'வாய்க்காலுக்கு வடக்கு' என்று பழைய நிலம் பேசும்.

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. பதிவுச் சட்டத்தில் இத்தகைய பதிவைத் தடுக்கும் 22-ஏ பிரிவும் நடைமுறைக்கு வந்தது. சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடின. மகள் கல்யாணத்துக்கு மனையை விற்க நினைத்தவரும் கடன் வாங்கி வீடு கட்ட இருந்தவரும் ஒரே நேரத்தில் நின்றுபோனார்கள். 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது: 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளைக் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம், நீர்நிலை, புறம்போக்கு, பொதுவுக்கு ஒதுக்கிய திறந்தவெளி ஆகியவற்றில் உள்ளவற்றுக்குக் கிடையாது. கட்டடங்களுக்கு இதைவிடப் பழைய கதை உண்டு. 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் சேர்க்கப்பட்ட 113-ஏ பிரிவு விதிமீறிய கட்டடங்களை ஒரே ஒரு முறை மன்னிப்பதற்காக வந்தது. உச்ச நீதிமன்றமும் 2000இல் அதை ஏற்றது. பிறகு அந்த ஒருமுறை நீட்டிக்கப்பட்டுக்கொண்டே போனது. 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் நீட்டிப்புகளை ரத்து செய்தது. 2012இல் 113-சி என்ற வேறொரு பிரிவு, 2007 ஜூலை 1க்கு முந்திய கட்டடங்களுக்காக வந்தது.

வரன்முறை தாளைச் சரிசெய்கிறது. நிலத்தைச் சரிசெய்ய அதனால் முடிவதில்லை. இருபது அடித் தெரு ஆறு மீட்டர். முன்பு சொன்ன 12 மீட்டரும் 18 மீட்டரும் இங்கே எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை. அதனால் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், மேட்டு நிலத்தில் இருக்கும் தெருக்கள்கூட உயர்ந்து வளர முடியாது. வளர முடியாத நகரம் பக்கவாட்டில் பரவுகிறது. பரவும் இடம் ஏரிகளின் கீழ்ப்புறம். எண்பதுகளில் மனை விற்றவர் தெருவில் விடாமல் பிடித்துக்கொண்ட பத்தடி, இன்று நன்மங்கலத்திலும் முடிச்சூரிலும் வயலாக இருந்த நிலத்தின் மேல் அழுத்தமாக இறங்குகிறது.

வயலுக்குள் இருந்த வெள்ளநிலம்

ஓர் ஏரியை அதைப் பயன்படுத்தியவர்கள் பார்த்தபடி பார்க்க வேண்டும். நீர் நிற்கும் உள்வாய். அதை அடைக்கும் கரை. பாசனத்துக்குத் திறக்கும் மதகு. மிஞ்சிய நீர் வழியும் கலங்கல். கரைக்குக் கீழே ஆயக்கட்டு வயல்கள். கலங்கலில் வழிந்த நீர் ஆயக்கட்டின் ஊடாக, சில இடங்களில் கால்வாயாகவும் பல இடங்களில் வரப்பு மேல் பரவியும், அடுத்த ஏரிக்குப் போகும். சிட்லபாக்கம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம் ஏரிகளின் உபரி செம்பாக்கம் ஏரிக்கு வரும். அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடையும். தாம்பரத்துக்கு மேற்கே உள்ள ஏரிகளின் நீர், ஆதனூர்ப் பக்கம் தொடங்கும் அடையாற்றை நோக்கி முடிச்சூர் வழியாக இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வயலில் இரண்டடி நீர் நான்கு நாள் நின்றால் விவசாயிக்கு அது பேரிழப்பு ஆகாது. நிலத்துக்கு அது பழக்கம்.

இப்போது இதே ஏரியை அரசுப் பதிவேட்டில் பாருங்கள். உள்வாயும் கரையும் அரசுப் புறம்போக்கு. 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காவல். ஆயக்கட்டு, பட்டா நிலம். முழுமைத் திட்டத்தில் ஏரி நீர்நிலையாகக் குறிக்கப்பட்டது. ஆயக்கட்டு 'விவசாயம்' என்று குறிக்கப்பட்டது. அந்த மண்டலம் உண்மையில் செய்துகொண்டிருந்த வேலை வெள்ளத்தைத் தாங்குவது. அந்த வேலை எந்தப் பதிவேட்டிலும் எழுதப்படவில்லை. விவசாயம் இருந்தவரை அது சும்மா நடந்தது. ஏரியில் சாக்கடை கலந்து, மதகு தூர்ந்து, கூலிக்கு ஆள் கிடைக்காமல் பயிர் நின்றதும், மண்டலத்தின் பெயருக்கு இருந்த காரணம் போய்விட்டது. மண்டலத்தை மாற்றக் கோரி விண்ணப்பம் வருகிறது: இங்கே பல ஆண்டாகப் பயிர் இல்லை, மூன்று பக்கமும் வீடுகள், நான்காம் பக்கம் சாலை. ஆய்வுக்குப் போகும் அலுவலர் பார்த்தால் சொன்னதெல்லாம் மெய். சுற்றியுள்ள பயன்பாட்டோடு ஒத்துப்போகிறது என்று மாற்றம் பரிந்துரைக்கப்படும். நாளிதழில் அறிவிப்பு, ஆட்சேபணைக்கு அவகாசம், குழுமத்தின் முடிவு, அரசிதழ். ஒவ்வொரு படியிலும் விதி காக்கப்பட்டிருக்கும். இப்படி மாறிய முதல் நிலம் இரண்டாவது நிலத்துக்குச் சாட்சியாகிறது. இரண்டும் சேர்ந்து மூன்றாவதுக்கு.

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்று சொல்லிவிட முடியாது. நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வேண்டும். அந்தச் சான்றில் வழக்கமாக இடம்பெறும் நிபந்தனைகளைப் படித்தால் சிக்கல் எங்கே என்று புரியும். குறிப்பிட்ட மட்டத்துக்கு மண் கொட்டி மனையை உயர்த்த வேண்டும். எல்லையில் உள்ள கால்வாயை மறிக்கக் கூடாது. உள்ளே விழும் மழைநீருக்கு வடிகால் கட்ட வேண்டும். மனைக்குள் நீர் வராமல் காக்கும் நிபந்தனைகள் இவை. நான்கு ஏக்கரை மூன்றடி உயர்த்தினால், அந்த நான்கு ஏக்கரில் நின்றிருக்க வேண்டிய மூன்றடித் தண்ணீர் பக்கத்து நிலத்துக்குப் போகும். பக்கத்து நிலத்தில் பதினைந்து ஆண்டுக்கு முன் கட்டிய ஓட்டு வீடோ ஒற்றை மாடி வீடோ இருக்கும். அந்த வீட்டுக்காரர் இந்தக் கோப்பில் எங்கும் வருவதில்லை. அவருடைய சர்வே எண் வேறு.

2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அவ்வளவு மழைக்கு எந்த ஊரும் திணறும், அதை மறுக்கவில்லை. ஆனால் நீர் எங்கெல்லாம் ஏறி நின்றது? முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த நகர்களிலும், அதாவது அடையாற்றின் ஓரமாகவும் ஏரிகளின் கலங்கலுக்குக் கீழேயும். படகில் ஆட்களை மீட்ட தெருக்கள் பழைய ஆயக்கட்டின் மேல் போட்டவை. அதற்குப் பிறகு அடையாறு அகலப்படுத்தப்பட்டது, மூடுகால்வாய்கள் கட்டப்பட்டன. சாலைகள் ஒவ்வொரு முறையும் உயர்த்திப் போடப்பட்டு, பழைய வீடுகளின் வாசற்படிகள் தெருவுக்குக் கீழே போயின. அரசின் சொந்தக் கட்டுமானங்களும் இதற்கு விலக்கு ஆகவில்லை: பல்லாவரம் பெரிய ஏரியைப் பிளந்துகொண்டு துரைப்பாக்கம் ரேடியல் சாலை போகிறது, 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தின் முன் ஜி.எஸ்.டி. சாலையில் தேங்கும் நீருக்காகத் தனி வடிகால் வேலை நடக்க வேண்டிவந்தது.

எல்லைக்கு வெளியே பார்க்கும் சட்டம்

சர்வே எண்ணைத் தாண்டிப் பார்க்கும் சட்டக் கருத்து நமக்கு முற்றிலும் புதிதில்லை. பள்ளிக்கரணையில் அது வந்துகொண்டிருக்கிறது. 2008 திட்டம் அந்தச் சதுப்புநிலத்தைத் தனிப் பகுதியாக அடையாளம் கண்டது. அதற்கு முன்பே பெருங்குடிக் குப்பைமேடும் சாலைகளும் நிறுவனங்களும் அதன் பெரும்பகுதியைத் தின்றிருந்தன. 2022இல் 1,247 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு சர்வதேச முக்கியத்துவம் கொண்ட ஈரநிலமாக, அதாவது ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்டது. 2025இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சர் தலத்தின் எல்லையும் அதன் தாக்க மண்டலமும் ஆய்ந்து வரையறுக்கப்படும்வரை, தலத்துக்குள்ளும் அதிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்ளும் புதிய கட்டட அனுமதி தரக்கூடாது என்று உத்தரவிட்டது.

தாக்க மண்டலம் என்ற அந்தக் கருத்தே இங்கு முக்கியம். சதுப்புநிலத்தின் கரையில் கோடு போட்டு நிறுத்தாமல், எங்கே கட்டினால் சதுப்புநிலம் பாதிக்கும் என்று அது கேட்கிறது. ஆனால் ஒரு கிலோமீட்டர் என்பது வட்டம் போட்ட அளவு. தண்ணீர் வட்டமாக வருவதில்லை. செம்பாக்கத்தின் கலங்கலுக்குக் கீழே உள்ள ஒரு வயல், சதுப்புநிலத்திலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியிருந்தும் அதன் நீரோட்டத்தில் இருக்கிறது. பள்ளிக்கரணைக்கு அருகே மேடான ஒரு தெருவில், முப்பது ஆண்டு முன் அங்கீகாரம் பெற்ற மனையில், மகனுக்காக மாடி எடுக்கக் காத்திருப்பவரோ அந்த வட்டத்துக்குள் சிக்கியிருக்கிறார். அவருடைய மனத்தாங்கல் நியாயமானது. ஆய்வு விரைந்து முடிந்து, வட்டத்துக்குப் பதில் உண்மையான நீர்வழிகள் வரைபடத்தில் ஏறினால்தான் அவருக்கும் விடுதலை, சதுப்புநிலத்துக்கும் காவல்.

எல்லா நிலத்தையும் பூட்டிவைக்கச் சொல்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் இல்லை. அனுமதி கடினமானால் மறுபடியும் அனுமதியில்லா மனைகளுக்கே ஏழை எளியவர்கள் தள்ளப்படுவார்கள். முப்பத்திரண்டு ஆண்டு இடைவெளி கற்பித்தது அதைத்தான். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறை, 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுபவரை அலுவலகப் படிக்கட்டிலிருந்து விடுவித்தது; அது நல்ல மாற்றம். கடுமை காட்ட வேண்டிய இடம் தனிவீட்டின் மாடிப்படி இல்லை. ஏக்கர் கணக்கில் நிலத்தின் மண்டலம் மாறும் இடமே அது. மேட்டு நிலத்தில், ரயில் பாதையின் இருபுறமும், குரோம்பேட்டையிலும் கிழக்குத் தாம்பரத்திலும், பக்கத்துப் பக்கத்து மனைக்காரர்கள் சேர்ந்து தெருவை அகலப்படுத்தி உயர்ந்து கட்ட முன்வந்தால் அவர்களுக்குக் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. இலவசமாகவே தரலாம். அங்கே எழும் ஒவ்வொரு மாடியும் கீழே ஒரு வயலை மிச்சம் வைக்கும்.

ஆயக்கட்டுப் பட்டாதாரருக்கும் விடை சொல்லியாக வேண்டும். ஊருக்காகத் தண்ணீரைத் தாங்கு என்று அவரிடம் மட்டும் சொல்லி, விலை ஏறும் வாய்ப்பைப் பறிப்பது அநீதி. அவர் கைவிடும் கட்டும் உரிமையை, மேட்டு நிலத்தில் கட்டுபவர் விலை கொடுத்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு ஒரு வழி. வளர்ச்சி உரிமை மாற்றம் என்ற பெயரில், சாலைக்கு நிலம் கொடுப்பவர்களுக்காக அது நம் விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. சாலைக்கு நிலம் கொடுப்பவருக்கு உள்ள அந்த உரிமை வெள்ளத்துக்கு நிலம் கொடுப்பவருக்கும் ஏன் இருக்கக் கூடாது?

நிர்வாக எல்லைகளும் கொஞ்சம் அனுகூலமாகியிருக்கின்றன. 2021 நவம்பரில் ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சி ஆனபின், சேலையூர், சிட்லபாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஏரிகள் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தன. ஆனால் அதே சங்கிலியின் அடுத்த கண்ணியான நன்மங்கலமோ தனி ஊராட்சி. மேற்கே முடிச்சூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஊராட்சி. ஆற்றோரத்து வரதராஜபுரம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அரசு 2022இல் சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தது. செங்கல்பட்டுப் பக்கத்து நூற்றுக்கணக்கான ஏரிகளும் அவற்றின் ஆயக்கட்டும் இனி இதே குழுமத்தின் வரைபடத்துக்குள் வரும். இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026இல் முடிகிறது. 2027 முதல் 2046 வரைக்கான மூன்றாம் திட்டத்தின் வேலை நடக்கிறது.

அந்தத் திட்டத்திடம் இந்தப் பகுதி மக்கள் கேட்க வேண்டியவை எளியவை. ஒவ்வோர் ஏரியின் ஆயக்கட்டும் கலங்கலிலிருந்து அடுத்த ஏரி வரையுள்ள நீர்வழியும், புலப்படங்களில் உள்ளபடி, வரைபடத்தில் தனி அடுக்காக ஏற வேண்டும். அந்த நிலத்துக்கு 'விவசாயம்' என்ற பெயரோடு 'வெள்ளம் தாங்கும் நிலம்' என்ற வேலையும் எழுதப்பட வேண்டும். நிலப்பயன்பாட்டை மாற்றக் கோரும் விண்ணப்பத்தில், இந்த சர்வே எண் எந்த ஏரியின் கீழ் வருகிறது, இதன் மேல் வழியும் நீர் எந்த ஏரிக்குப் போகிறது, மண் கொட்டினால் அந்த நீர் யார் நிலத்தில் ஏறும் என்ற மூன்று கேள்விகள் இருக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கான விடையில் வரும் சர்வே எண்களின் உரிமையாளர்களுக்கு, முடிவெடுக்கும் முன் நேரில் அறிவிப்பு போக வேண்டும். மாற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டால், அந்த விடைகள் அரசிதழ் அறிவிக்கையோடு சேர்ந்தே அச்சாக வேண்டும்.